முப்பது நாள் செல்லுபடியாகும் ரத்தம்

பெரிய ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூட வாசலுக்கு நேர் எதிரே என் வண்டி நிற்கிறது. பதினேழு வருஷமாக அதே இடம். என் பெயர் ப்ரவுலியா, ஆனால் பீட்ரூட்காரி என்றால்தான் ஊருக்குத் தெரியும். காலை ஏழு மணியிலிருந்து முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். வெறும் வயிறு, வெளுத்த முகம், கண்ணில் பயம். நேராக என்னிடம்தான் வருவார்கள். பீட்ரூட், கேரட், ஆரஞ்சு மூன்றையும் பிழிந்து, கறுப்பு மால்ட் பானம் ஊற்றி, இரண்டு காடை முட்டையை உடைத்துப் போட்டு அடித்துக் கொடுப்பேன். எட்டு நாளில் போன ரத்தம் திரும்பிவிடும் என்று சொல்வேன். அது வியாபாரத்துக்குச் சொல்வது. எங்கள் மலைப்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், பிறக்கும்போது உடம்புக்குள் வைத்த ரத்தம்தான் கடைசிவரை. எடுத்தால் எடுத்ததுதான், திரும்ப ஊறாது. ஊறும் என்று வெள்ளை அங்கிக்காரர்கள் சொல்கிறார்கள். எடுப்பது அவர்கள் ரத்தத்தையா என்ன? நானும் ஊறாது என்றுதான் ஐம்பத்திரண்டு வயதுவரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையால் நான் செய்த காரியத்தைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

நெமேசியா கோல்கே பஸ் நிலையத்தில் ஊர்ப்பெயர் கூவி ஆள் ஏற்றுகிறவள். பதினாலு வயதில் வானூனி சுரங்கக் குடியிருப்பிலிருந்து நிலையத்துச் சாப்பாட்டுக் கடையில் எச்சில் தட்டு கழுவ வந்தவள். கூவுகிற பெண் ஒருத்திக்கு நிலையத்திலேயே பிரசவ வலி எடுத்துவிட்டது. கம்பெனிக்காரன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். இவள் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வந்து, "வானூனி, வானூனி, வானூனீ" என்று ஒரு கூவல் கூவினாள். அன்று நின்றவள்தான், முப்பத்து மூன்று வருஷம் நின்றாள். கடைசி எழுத்தை அவள் இழுக்கிற இழுப்பில் ஒரு சுகம் இருக்கும். "இதோ கிளம்புது, இதோ கிளம்புது" என்பாள். பஸ் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், அது வேறு விஷயம். ஒருமுறை கொச்சபம்பா போக வந்த ஆள் ஒருவன் இவள் குரலில் கிறங்கி பொத்தோசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டான். பாதி வழியில்தான் முழித்துக்கொண்டானாம். மறுநாள் வந்து சண்டை பிடித்தான். இவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "நான் பொத்தோசின்னுதானே கூவினேன், உங்க மாமியார் வீடுன்னா கூவினேன்?" என்று கேட்டாள். நிலையமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அவள் புருஷன் செவேரோ அர்ஜென்டினாவுக்கு எலுமிச்சை பறிக்கப் போனான். இருபத்தோரு வருஷமாக இன்னும் பறித்துக்கொண்டிருக்கிறான். ஒரே மகள் லிதியா. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கையில் ஏந்தி நின்றவள் நான். அதனால் லிதியாவுக்கு நான் மத்ரீனா, அதாவது ஞானத்தாய்; நெமேசியாவும் நானும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே. எங்களில் இது ரத்த உறவுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. லிதியா இப்போது பள்ளிச் சீருடை தைக்கிற பட்டறையில் வேலை செய்கிறாள். அம்மாவின் குரலில் ஒரு துளிகூட அவளுக்கு வரவில்லை. அவள் பேசினால் பக்கத்தில் நிற்கிறவருக்கே கேட்காது.

நெமேசியாவுக்கு முதலில் போனது குரல்தான். கரகரப்பாக ஆரம்பித்தது. குளிரில் கத்துகிற தொண்டை, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம். பிறகு பேச்சே மெதுவாகிப்போனது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே நான் ஒரு கேரட்டைச் சீவி முடித்துவிடலாம். முகம் ஊதியது. புருவத்தில் வெளிப்பக்கம் முடி உதிர்ந்துபோனது. நல்ல வெயிலிலும் இரண்டு சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்தபடியே தூங்குவாள். ஏறுகிற ஆளைக் கணக்குப் பண்ணித்தான் கம்பெனி கூலி கொடுக்கும், தூங்குகிறவளுக்கு யார் கொடுப்பார்கள்? அவளிடமிருந்த யாயாகுவா ஊர் பஸ்ஸை ஒரு சின்னப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார்கள். நெமேசியாவுக்கு வானூனி மட்டும் மிச்சம். அதையும் பிடுங்கிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். "குரல் மட்டும் திரும்பட்டும் கொமாத்ரே, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்பாள். அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

போன வருஷம் பிப்ரவரியில் கார்னிவல் திருவிழா முடிந்த கையோடு அவளை இழுத்துக்கொண்டு எங்கள் பேட்டைச் சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார், எச்சில் விழுங்கச் சொன்னார். தைராய்டு என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிற சிறப்பு மருத்துவரைப் பார்க்கச் சீட்டு எழுதினார். ஊருக்கே அந்த ஒருவர்தான், வாரத்தில் இரண்டு காலைதான் வருவார். முன்பதிவு ஜூன் மாதத்துக்குக் கிடைத்தது. சீட்டின் பின்னால் மூன்று ரத்தப் பரிசோதனை எழுதியிருந்தது. டி.எஸ்.எச். என்று ஒன்று, டி-4 என்று ஒன்று, அந்தச் சுரப்பியை உடம்பே தின்கிறதா என்று பார்க்க மூன்றாவதாக ஒன்று. இந்த மூன்றும் கையில் இல்லாமல் மருத்துவர் அறைக்குள் கால் வைக்க முடியாது. தனியாரிடம் போனால் மறுநாளே எல்லாம் முடியும். ஆனால் அதற்கு ஆகும் செலவை இவள் மூன்று மாதம் கூவினாலும் சம்பாதிக்க முடியாது.

நெமேசியா எதிலும் முந்திக்கொள்கிறவள். சீட்டு வாங்கிய மறுநாளே விடியலில் வரிசையில் நின்று மூன்று குழாய் ரத்தம் கொடுத்துவிட்டாள். பஞ்சை அழுத்திக்கொண்டு என் வண்டிக்கு வந்தபோது உதடு வெளுத்திருந்தது. இரண்டு தம்ளர் கொடுத்தேன். அடுத்த வாரம் தாள் வந்தது. அதை மடித்து மார்புக்குள் வைத்துக்கொண்டு நான்கு மாதம் பத்திரமாகக் காத்தாள்.

ஜூனில் முன்பதிவு நாளன்று, சீட்டு வாங்குகிற முன்பதிவுச் சன்னல்காரி தாளைக் கையில் வாங்கி, மேலே தேதியை மட்டும் பார்த்தாள். எண்களைப் பார்க்கவே இல்லை. பரிசோதனை முப்பது நாளுக்குத்தான் செல்லும், இது பழையது, புதிதாக எடுத்துக்கொண்டு செப்டம்பரில் வா என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். இந்த முப்பது நாள் விஷயத்தை யாராவது முன்னமே சொல்லித் தொலைத்தார்களா? சுவரில் ஒட்டியிருக்கிறதாம். நெமேசியாவுக்கு ஊர்ப்பெயர்களைத் தவிர வேறு எதுவும் படிக்கத் தெரியாது. என் வண்டிக்கு வந்தாள். தாளை நான்காகக் கிழித்து நான் தோல் போடுகிற வாளியில் போட்டாள். பீட்ரூட் தோலோடு அதையும் நான் சாயங்காலம் கொட்டிவிட்டேன். அந்தத் தாளில் எல்லாம் எழுதியிருந்தது. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் அதை வாசித்திருந்தால் போதும்.

ஆகஸ்டில் கணக்காக நாள் பார்த்து மறுபடி மூன்று குழாய் கொடுத்தாள். பத்து நாள் கழித்துத் தாளை வாங்கப் போனால், மருந்து தீர்ந்துவிட்டதாம். ரத்தத்தில் ஊற்றிப் பார்க்கிற மருந்து தலைநகரிலிருந்து வரவில்லை, வழியில் சாலை மறியல். சரி, எடுத்த ரத்தத்தை வைத்திருந்து பாருங்கள் என்று லிதியா கேட்டிருக்கிறாள். அது கெட்டுப்போய்விட்டது, கொட்டிவிட்டோம் என்றார்கள்.

கொட்டிவிட்டார்களாம். அதைக் கேட்டு நான் கத்திய கத்தலில் காவலாளி வெளியே வந்துவிட்டான். ஒரு மனுஷியின் ரத்தம், திரும்ப ஊறாத ரத்தம், அதைப் பாத்திரம் கழுவின தண்ணீர்மாதிரி சாக்கடையில் ஊற்றியிருக்கிறார்கள். நெமேசியா கத்தவில்லை. அவளுக்குக் கத்தக் குரல் இல்லை. என் வண்டிக்குப் பக்கத்தில் கிடந்த பெட்டியின் மேல் உட்கார்ந்து விரலை மடக்கி எண்ணினாள். மூன்றும் மூன்றும் ஆறு. ஆறு குழாய் போய்விட்டது, அதனால்தான் இந்தக் குளிர், அதனால்தான் இந்தத் தூக்கம் என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒவ்வொரு முறை எடுத்த பிறகும் அவள் இன்னும் மெதுவாகிப்போனதை நான் என் கண்ணால் பார்த்தேனே. நோய் அதுபாட்டுக்கு உள்ளே வளர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் ஊசியைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

செப்டம்பர் போனது. அடுத்த முன்பதிவு டிசம்பரில் கிடைத்தது. நவம்பர் வந்தபோது இனி ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கமாட்டேன் என்று நெமேசியா சொல்லிவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவளிடம் நான் எப்படி வற்புறுத்துவது? ஆனால் தாள் இல்லாமல் மருத்துவர் இல்லை, மருத்துவர் இல்லாமல் குரல் இல்லை. லிதியா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை, இந்த வாய்தான் சொன்னது.

"நீ போய்க் கொடுடி. உன் உடம்புல ஓடுறது அவ ரத்தம்தானே? எங்க எடுத்தா என்ன, ஊத்து ஒண்ணுதானே?"

நெமேசியா மெதுவாகத் தலையைத் தூக்கினாள். "எம்பேர்ல... இவ ரத்தமா?" என்றாள். நீ கொடுத்ததைத்தான் அவள் திருப்பிக் கொடுக்கிறாள், கடன் வாங்கினவள் அடைக்கட்டுமே என்று நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஊதிய முகத்தில் அந்தச் சிரிப்பு வந்து சேரவே நேரம் எடுத்தது. மார்புக்குள்ளிருந்து அடையாள அட்டையை எடுத்து லிதியா கையில் கொடுத்தாள்.

எங்கள் பரிசோதனைக்கூடத்தில் ஆள் முகம் பார்த்து ரத்தம் எடுப்பதில்லை. சுவரில் ஒரு சின்னச் சன்னல். பெயரைக் கூப்பிட்டால் அட்டையை உள்ளே நீட்ட வேண்டும், பிறகு கையை உள்ளே நீட்ட வேண்டும். உள்ளே இருக்கிறவளுக்கு முழங்கைவரைதான் தெரியும். நெமேசியா கோல்கே என்று கூப்பிட்டார்கள். லிதியா கையை நீட்டினாள். மூன்று குழாய். அவள் பஞ்சோடு வந்தபோது நான் காசு வாங்கவில்லை, மூன்று முட்டை உடைத்துப் போட்டேன். "அம்மாவுக்குப் பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்று பக்கத்தில் நின்ற பெண்களிடம் பெருமையடித்தேன். அவர்களும் தலையாட்டினார்கள். அதில் ஒருத்திகூட இது தப்பு என்று சொல்லவில்லை. எங்களில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் செய்யச் சொல்லியிருப்பார்கள்.

டிசம்பரில் மருத்துவரை ஒருவழியாகப் பார்த்தார்கள். லிதியாதான் கூடப் போனாள், திரும்பி வந்து எல்லாம் சொன்னாள். அவர் தாளைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், கழுத்தை ஒரு தடவு தடவினார். மூன்றும் சரியாக இருக்கிறது, தைராய்டில் ஒரு குறையும் இல்லை, இதைவிட நல்ல எண் கிடையாது என்றார். பிறகு இது என்ன என்று நெமேசியா கேட்டிருக்கிறாள். வயது, மாதவிலக்கு நிற்கிற காலம், கொஞ்சம் மனச்சோர்வு என்று சொல்லி, சோர்வுக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இனி இங்கே வரவேண்டியதில்லை என்று கணினியில் ஏதோ தட்டினார். ஆறு நிமிஷம்கூட ஆகவில்லை.

நாங்கள் மூவரும் என் வண்டிப் பக்கத்தில் நின்று ஜூஸ் குடித்தோம். கொண்டாடினோம் என்றுதான் சொல்ல வேண்டும். சுரப்பியில் குறையில்லை என்று பெரிய டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டாரே. நெமேசியா மட்டும் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். நோய் இல்லையென்றால் குரல் ஏன் வரமாட்டேன் என்கிறது என்று கேட்டாள். வரும் வரும், மாத்திரையைப் போடு என்றேன்.

ஜனவரி முழுக்க அந்த மாத்திரையைப் போட்டாள். தூக்கம்தான் கூடியது.

பிப்ரவரியில் ஒரு காலை, பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிற எதெல்வினா ஜூஸ் குடிக்க வந்தாள். என்னிடம் வாடிக்கையாக வருகிறவள், நல்ல பெண். கூட்டம் இல்லை. ஏதோ பேச்சு வாக்கில், அம்மா ரத்தமும் மகள் ரத்தமும் உங்கள் இயந்திரத்தில் ஒரே மாதிரிதானே காட்டும் என்று கேட்டேன். அவள் குடித்ததைத் துப்பிவிடுகிறமாதிரி சிரித்தாள்.

"அதெப்படிக்கா ஒண்ணாகும்? அம்மாவுக்குப் பசிச்சு மக சாப்பிட்டா, அம்மா வயிறு ரொம்புமா?"

அரைத்துக்கொண்டிருந்த பீட்ரூட்டை அப்படியே விட்டுவிட்டு நின்றேன். இதில் என்ன புரியாமல் இருக்கிறது? ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். ஐம்பத்திரண்டு வயதுக் கழுதைக்கு மட்டும் புரியவில்லை.

அன்றே வண்டியை மூடிவிட்டு முன்பதிவுச் சன்னலுக்குப் போனேன். ஆளை மாற்றி ரத்தம் கொடுத்துவிட்டோம், அது இவள் ரத்தம் இல்லை, மறுபடி பாருங்கள் என்று சொல்லத்தான் போனேன். தெரிந்த ஒருத்திக்கு ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்தேன். சன்னல்காரி நிமிர்ந்து பார்த்தாள். அடுத்தவர் அட்டையில் ரத்தம் கொடுப்பது குற்றம், போலீஸுக்கு எழுதிவிடுவோம், அந்தத் தெரிந்த ஒருத்தி யார் என்று கேட்டாள். நான் யாருக்கும் பயப்படாதவள் என்று ஊரே சொல்லும். நகராட்சிக்காரன் தராசைப் பிடுங்க வந்தபோது அவன் தொப்பியை நான் பிடுங்கியிருக்கிறேன். அன்று பயந்துவிட்டேன். லிதியாவுக்காகப் பயந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். உண்மையைச் சொன்னால், ஆஸ்பத்திரி வாசலில் என் வண்டி நிற்கும் இடத்துக்கும் சேர்த்துத்தான் பயந்தேன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

நெமேசியாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். நல்லா இருக்கிறது என்று பெரிய டாக்டர் சொன்னது உன்னை இல்லை, லிதியாவை என்றேன். திட்டுவாள், எதையாவது எடுத்து அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அதை உள்ளே வாங்கிக்கொள்ளவே நேரம் ஆனது. பிறகு என் கையைப் பிடித்தாள். ஐஸ் கட்டிமாதிரி இருந்தது அவள் கை.

"அப்போ... லிதியாவுக்கு... ஒண்ணும் இல்லையே?"

இல்லை, அவள் எண் எல்லாம் நல்ல எண் என்றேன்.

"அது போதும் கொமாத்ரே" என்றாள்.

எனக்குப் போதவில்லை. மறுபடி சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். பழைய டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் கணினியைத் திருப்பிக் காட்டினார். சிறப்பு மருத்துவர் பார்த்தாயிற்று, எல்லாம் சரி என்று எழுதியாயிற்று, நான் எந்த முகத்தோடு மறுபடி அனுப்புவது என்றார். மார்ச்சில் போனோம், அதே பதில். ஏப்ரல் கடைசியில், படிப்பு முடித்துக் கட்டாயச் சேவைக்கு வந்திருந்த ஒரு சின்ன டாக்டரம்மா இருந்தாள். அவள் கணினியைப் பார்ப்பதற்கு முன்னால் நெமேசியாவின் முகத்தைப் பார்த்தாள். சிறு சுத்தியலால் கணுக்காலுக்குப் பின்னால் தட்டினாள். பாதம் ஆடிவிட்டு, திரும்புவதற்கு வெகுநேரம் எடுத்தது. இந்தத் தாளும் இந்தப் பாதமும் ஒரே ஆளுடையது இல்லையே என்றாள். நானும் லிதியாவும் தரையைப் பார்த்தோம். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

இதற்கு மாத்திரை இருக்கிறது, காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, விலைகூட அதிகம் இல்லை என்றாள். ஆனால் பெரிய மருத்துவர் சரி என்று எழுதியதை மீறி, கையில் எண் இல்லாமல் அதை எழுதிக் கொடுக்க அவளுக்கு உரிமை இல்லையாம். இவள் பலவீனமான இதயத்துக்கு அளவு அதிகமானால் அதுவே ஆபத்தாம். சீட்டு மறுபடி எழுதினாள், அவசரம் என்று சிவப்பில் கோடு போட்டாள். அவசரத்துக்குக் கிடைத்த நாள் ஜூலை மூன்று. பரிசோதனைக்கூடத்தின் முறை அதற்கு முந்தைய முப்பது நாளுக்குள்தான். அதற்கு முன்னால் ரத்தம் கொடுக்க அந்தச் சீட்டில் வழியில்லை.

ஜூன் பன்னிரண்டு அன்று நெமேசியா தன் கையை அந்தச் சன்னலுக்குள் நீட்டினாள். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் இது என் கை என்றாள். நரம்பு கிடைக்காமல் இரண்டு இடத்தில் குத்தினார்கள். வெளியே வந்து ஜூஸில் பாதியைக் குடித்தாள், மீதியைப் பிறகு குடிக்கிறேன், மூடி வை என்றாள். நடக்க முடியாதவள் ஏன் நிலையத்துக்குப் போகிறாய் என்று கோபித்துக்கொண்டேன். வானூனி பஸ்ஸை விட்டால் அதையும் அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிடுவார்கள் என்றாள். கூவ முடியாவிட்டாலும் அங்கே உட்கார்ந்திருந்தால் இடம் இருக்கும் என்று அவள் கணக்கு.

ஆறு நாள் கழித்து, ஜூன் பதினெட்டு; எங்கள் மேட்டில் ஜூன்தான் கடும் குளிர்காலம், தண்ணீர்க் குழாயெல்லாம் உறைந்து கிடந்த வாரம். நெமேசியா நிலையத்தில் தன் பெஞ்சில் மூன்று சால்வைக்குள் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். பத்து மணி பஸ் போனது. பதினொரு மணி பஸ்ஸும் போனது. யாரும் எழுப்பவில்லை. அவள்தான் எப்போதும் தூங்குகிறவளாயிற்றே, பாவம் தூங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். யாயாகுவா கூவுகிற அந்தச் சின்னப் பெண் அவளுக்காக வானூனியையும் சேர்த்துக் கூவிக்கொண்டிருந்திருக்கிறாள். பன்னிரண்டு மணிக்குச் சூப் வாங்கி வந்து கையைத் தொட்டுப் பார்த்தாள். கை குளிர்ந்திருந்தது. அந்தக் கை எப்போதும் குளிர்ந்துதானே இருக்கும்? சூப்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கூவப் போய்விட்டாள். ஒரு மணிக்கு வந்து பார்த்தபோது சூப் அப்படியே ஆறிப்போய் இருந்தது. அதன் பிறகுதான் கத்தினாள்.

புதைத்துவிட்டு வந்த நான்காம் நாள் லிதியா என் வண்டிக்கு வந்தாள். கையில் தாள். அம்மா பெயரைப் பரிசோதனைக்கூடச் சன்னலில் கூப்பிட்டார்கள், போய் வாங்கிக்கொண்டேன் என்றாள். எதெல்வினாவை வாசிக்கச் சொன்னோம். அவள் தாளைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தாள். அந்த முதல் எண் நாலுக்குள் இருக்க வேண்டுமாம். இதில் நூறுக்கு மேல் என்று போட்டிருந்தது. எவ்வளவு மேல் என்று கேட்டேன். நூறுக்கு மேல் இயந்திரம் எண்ணாது என்றாள்.

எதெல்வினா போன பிறகு லிதியா அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். நான் கேரட்டைச் சீவிக்கொண்டே இருந்தேன், எதற்கென்று தெரியவில்லை. அவள் குரல் எப்போதும்போல் மெல்லத்தான் வந்தது. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் எனக்குக் கேட்டது.

"நீங்க சொன்னீங்க மத்ரீனா, நான் கைய நீட்டினேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் அம்மா நல்லா இருக்காங்கன்னு எழுதி வாங்கிட்டு வந்தோம்."

கிழித்துப் போட்டுவிடட்டுமா என்று தாளை என்னிடம் நீட்டினாள். என் வாளி காலடியில் இருந்தது. வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். அதை நான்காக மடிக்கும்போது மேலே இருந்த தேதி கண்ணில் பட்டது. ஜூன் பன்னிரண்டு. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அந்தத் தாள் இன்னும் பத்தொன்பது நாளைக்குச் செல்லும்.